பழைய ஜெர்மன் மடக்கு வேட்டைக் கத்தியின் வயதை எப்படிக் கண்டறிவது?

கேள்வி கேட்டவரின் கத்தி மான்கொம்புப் பிடி கொண்டது. பெரிய அலகின் அடியில் ‘சோலிங்கன்’ (கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஜெர்மன் நகரம்), ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்ற சொற்களும், ரம்ப அலகின் அடியில் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற எழுத்துகளும் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடியும் அதன் காலம் பிடிபடவில்லை என்கிறார். இவ்வகைக் கத்திகளை நெடுங்காலமாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்வது, நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் பாருங்கள் என்பதே.

சோலிங்கனில் அலகை அடிப்பது, சாணை பிடிப்பது, பிடியைப் பொருத்துவது என ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கைகளில் இருந்தது. அவர்களில் பலர் தங்கள் வீட்டுப் பட்டறையிலேயே வேலை செய்து பல நிறுவனங்களுக்கும் கொடுத்து வந்ததால், ஒரே அமைப்பிலான கத்தி வெவ்வேறு பெயர்களில் வெளிவந்திருக்கிறது. மேலும், அவ்வூர்க் கத்தி நிறுவனங்களான ஹென்கல்ஸின் இரட்டையர் சின்னம் 1731 இல் பதிவானது என்பதும், பூமா 1769 இல் தொடங்கியது என்பதும் அந்த நிறுவனங்களின் வயதைக் காட்டுமே தவிர, கையில் இருக்கும் கத்தியின் வயதைக் காட்டா. இந்த ஆண்டுகளைக் காட்டி விலையை ஏற்றும் விற்பனையாளர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மற்ற முத்திரைகள் அதிகம் பேசுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ‘இதற்கு முந்தையது அன்று’ என்ற எல்லையை மட்டுமே தருகின்றன. வெளிநாட்டுச் சரக்கில் அது உருவான நாட்டைக் குறிக்க வேண்டும் என்ற நெருக்கடி பிரிட்டனின் 1887 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1891 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியாலும் ஏற்பட்டது. ஆகவே ‘ஜெர்மனி’ என்ற சொல் ஏற்றுமதிக்கு அடையாளம். அது இல்லாத கத்தி மிகப் பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்நாட்டு வேட்டைக்காரருக்கு விற்ற கத்தியில் அதற்குத் தேவையே இல்லை. ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949 க்கும் 1990 க்கும் இடைப்பட்டது.

டி.ஆர்.ஜி.எம். என்பது 1891 இல் வந்த சட்டத்தின்கீழ், ஜெர்மன் ரைஷில், அதாவது 1945 வரை நீடித்த ஜெர்மன் அரசில், சிறு புதுமைகளுக்கு வழங்கப்பட்ட பதிவுப் பாதுகாப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அதன் இடத்தில் டி.பி.ஜி.எம். வந்தது. துருப்பிடிக்காதது என்று பொருள்படும் ‘ரோஸ்ட்ஃப்ரை’ இன்னும் நெருக்கமான சான்று. ஜெர்மன் எஃகு நிறுவனமான க்ரூப் துருப்பிடிக்கா எஃகுக்கு 1912 இல்தான் காப்புரிமை கோரியது. கத்தி அலகுகளில் அது பரவியது முதல் உலகப் போருக்குப் பிறகே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கத்தி 1920களுக்கும் 1950களின் தொடக்கத்துக்கும் இடையில் அமைகிறது. 1945 உடன் ரைஷ் முடிந்துவிட்டாலும், கையிருப்பில் இருந்த பழைய அலகுகள் சில ஆண்டுகள் பயன்பட்டிருக்கக் கூடும் என்பதால் மேல் எல்லையைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன்.

இனி, அலகுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். என்னிடமுள்ள ஒரு கத்தியில் பெரிய அலகு, ரம்பம், தக்கை திருகி ஆகியவற்றோடு, முனை உருண்டு மழுங்கிய ஓர் அலகும் உண்டு. வேட்டையாடிய விலங்கின் வயிற்றுத் தோலைத் திறக்கும்போது குடலில் குத்திவிடாமல் இருக்கவே அந்த உருண்டை முனை; ரம்பம் இடுப்பெலும்பை அறுப்பதற்கு. இவற்றுள் ஒன்று மட்டும் பளபளவென்று, வேறு எழுத்தமைப்பு முத்திரையோடு இருந்தால், அது பின்னாளில் மாற்றப்பட்டது என்றே கொள்ள வேண்டும். மடக்கிய நிலையில் பெரிய அலகின் முனை பிடிக்குள் வழக்கத்துக்கு மீறி உள்ளே அடங்கிக் கிடந்தால், தீட்டித் தீட்டி அலகு தேய்ந்திருக்கிறது என்று பொருள். முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கி இருப்பது எந்திரத்தில் மெருகேற்றியதைக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய கத்தியை நான் வாங்குவதில்லை.

பிடியை வைத்துக் காலம் சொல்வது கடினம். உள்ளே சோறு எனப்படும் மென்பகுதி குறைந்து கெட்டியாக இருப்பதால், இந்தியக் கடமானின் கொம்பைச் சோலிங்கன் பட்டறைகள் விரும்பி இறக்குமதி செய்தன; 1990களின் பிற்பகுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. கையிருப்பு அதன் பிறகும் பயன்பட்டதால், கடமான் கொம்பு பழமைக்குத் தனிச் சான்று ஆகாது. ஆனால் இரு பக்கமும் ஒரே வரிகள் திரும்ப வந்தாலோ, விளிம்பில் அச்சுக்கோடு தெரிந்தாலோ அது பிளாஸ்டிக்.

பூமா கத்தியாக இருந்தால் வேலை எளிது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து அந்நிறுவனம் கத்தியிலேயே ஒரு குறியீட்டு எண்ணைப் பொறித்தது. அதற்கான அட்டவணையோடு ஒப்பிட்டால் உற்பத்தி ஆண்டு தெரிந்துவிடும்.

மேலும் ஆராய்வதற்கு முன் கத்தியைத் துலக்க வேண்டாம். கீல்களில் ஒரு துளி எண்ணெய் விட்டு, மென்துணியால் துடைத்து, தோல் உறையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அலகும் பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகடும் அரிக்கப்படும். பிறகு ஒவ்வொரு அலகின் அடியையும், சாய்வான வெளிச்சத்தில், இரு பக்கமும் படம் எடுத்துப் பதிவிட்டால், மேலே சொன்ன கால எல்லையை இன்னும் சுருக்க முடியுமா என்று பார்க்கிறேன்.