நின்றே பழசான வண்டி: பழைய டீசல் மோட்டார்ஹோமில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: டெக்ஸாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். போன மாதம் 1997 மாடல் டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கினோம். பின்பக்க எஞ்சின், கம்மின்ஸ் 8.3 லிட்டர். ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன். ஓடியிருப்பது 61,000 மைல்தான். கடைசிச் சில வருடங்கள் பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருந்தார்களாம்; வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்வார்களாம். ராத்திரி நிறுத்தினால் காலையில் காற்று மீட்டரில் ஒரு முள் பூஜ்யத்தில் இருக்கிறது, இன்னொன்று 65 பிஎஸ்ஐயை (காற்றழுத்த அலகு) ஒட்டி நிற்கிறது. பின்னால் இடது மூலை இறங்கிவிடுகிறது. ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. மேட்டில் எஞ்சின் சூடு 215 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுகிறது. டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றி சர்வீஸ் செய்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒருவர். கோடையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகத் திட்டம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இஞ்செக்டரைத் தொடாதீர்கள். அந்தப் பணம் வேறு இடத்துக்குத் தேவைப்படும்.

8.3 கம்மின்ஸ் லாரி, அறுவடை இயந்திரம் என்று எல்லாவற்றிலும் உழைத்த எஞ்சின். அதற்கு 61,000 மைல் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் வண்டி ஓடித் தேயவில்லை, நின்று பழசாகியிருக்கிறது. அதனால் மைல் கணக்குப் போட்ட சர்வீஸ் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு வருடக் கணக்கில் பாருங்கள். ரப்பர், சீல், வடிகட்டிக் காகிதம், கூலன்ட்டில் கலந்த மருந்து, இதெல்லாம் வண்டி நின்றாலும் கெடும்.

முதலில் காற்று. பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அதற்கும் முன்னால் உயிர் விஷயம் ஒன்று. காற்று பலூன்கள் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஒரு ஹோஸ் கழன்றால் போதும், வண்டி ஒரே நொடியில் கீழே உட்கார்ந்துவிடும். வண்டியைச் சமமாக நிறுத்த அதோடு வரும் லெவலிங் ஜாக்கை நம்பியும் போகக்கூடாது. சேஸிஸுக்கு அடியில், எடை தாங்கும் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான். இப்படி ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போய் அமெரிக்காவில் உயிர் போனவர்கள் உண்டு.

சரி, உங்கள் மீட்டருக்கு வருவோம். இரண்டு முள்ளும் இரண்டு டேங்க்கைக் காட்டுகின்றன. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று, ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் வழியாக முதலில் ஈர டேங்க்குக்குப் போய், அங்கிருந்து இரண்டு பிரேக் டேங்க்குகளுக்குப் பிரிகிறது. நடுவில் ஒருவழி வால்வு இருப்பதால் ஒன்று காலியானாலும் மற்றது காலியாகாது. சஸ்பென்ஷனுக்குப் போகும் வழியில் பெரும்பாலான சேஸிஸ்களில் ஒரு காப்பு வால்வு இருக்கும். டேங்க்கில் அழுத்தம் சுமார் 65, 70 பிஎஸ்ஐக்கு இறங்கியதும் அது மூடிக்கொள்ளும். பலூன் கிழிந்தாலும் பிரேக்குக்குக் காற்று மிஞ்ச வேண்டும் என்பதற்காக வைத்தது.

உங்கள் இரண்டாவது முள் 65-ல் நிற்பதும் இடது மூலை இறங்குவதும் ஒரே கதையாக இருக்கத்தான் வாய்ப்பு. கசிவு சஸ்பென்ஷன் பக்கம். முதல் முள் பூஜ்யம் வரை போவது தனிக் கதை, அது பிரேக் பக்கத்துக் கசிவு. ஆக, தேட வேண்டியது இரண்டு ஓட்டை.

தேட மீட்டர் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்றை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்துங்கள். தெரு அடங்கிய நேரமாக இருந்தால் காதே பாதி வேலையைச் செய்துவிடும். பின் இடது பக்கம் பலூனின் கீழ் விளிம்பு, ரப்பர் மடியும் இடம், உயரம் பார்க்கும் வால்வு, அதன் காற்று வெளியேறும் துளை, இத்தனையிலும் நுரை வருகிறதா என்று பாருங்கள். ரப்பரில் மேலாக மயிரிழை வெடிப்பு இருந்தால் பயமில்லை. உள்ளே இருக்கும் நூல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு பக்கம் மாற்றும்போது அதே அச்சின் மறுபக்கத்தையும் மாற்றுவதுதான் என் பழக்கம். வயது ஒன்றுதானே!

பிரேக் பக்கத்துக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது டேங்க்குக்கு அடியில் இருக்கும் வடிகால் வால்வு. கயிற்றைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் வெளியேற்றுவோமே, அதுதான். ஒரு மணல் துகள் அதில் மாட்டியிருந்தாலே ராத்திரிக்குள் டேங்க் காலி. கிடைப்பதும் மலிவு. அப்புறம் ஓட்டுநர் காலடியில் பிரேக் வால்வின் வெளியேற்றத் துளை, பார்க்கிங் பிரேக் குமிழின் பின்புறம், மீட்டருக்கு வரும் மெல்லிய நைலான் குழாயின் இணைப்புகள். ஓட்டுநர் இருக்கை காற்றில் இயங்குவதாக இருந்தால் அதையும் மறக்காதீர்கள், பல வண்டியில் அதுதான் திருடன். ஆனால் அது பெரும்பாலும் காப்பு வால்வுக்கு அந்தப் பக்கம், சஸ்பென்ஷனோடு சேர்ந்து இருக்கும்.

காற்று ராத்திரியில் இறங்குவதே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஓட்டும்போது பிரேக்கில் காற்று நிற்கிறதா என்பதற்கு வேறு சோதனை உண்டு. அமெரிக்காவில் கனரக வாகன உரிமத்துக்குச் செய்யச் சொல்லும் அதே சோதனை. சமதரையில் கட்டை கொடுத்து, காற்று முழுதாக ஏறிய பின் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. பிறகு பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். முதலில் சட்டென்று இறங்குவதைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. அப்புறம் பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். 60க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை விளக்கும் சத்தமும் வர வேண்டும். 20க்கும் 45க்கும் இடையில் பார்க்கிங் குமிழ் தானாக வெளியே எகிற வேண்டும். இதில் எது தவறினாலும் வண்டி நகரக்கூடாது.

டிரையரைப் பற்றிக் கொஞ்சம். காற்று 120, 125-க்கு ஏறியதும் வண்டிக்கு அடியில் 'புஸ்' என்று ஒரு பெரிய மூச்சு கேட்க வேண்டும். டிரையர் தான் சேர்த்த தண்ணீரைத் துப்பும் சத்தம் அது. கேட்கவில்லை என்றாலோ, மூச்சு நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தாலோ, அடியிலுள்ள வால்வைப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும் கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். டேங்க் வடிகாலைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெறும் காற்றாக வந்தால் டிரையர் நன்றாக இருக்கிறது. பால் காபி நிறத்தில் கொழகொழவென்று வந்தால் டிரையர் செத்துவிட்டது, கம்ப்ரசரும் ஆயிலைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது.

ஒன்று மட்டும் நீங்களே செய்யாதீர்கள்: பின் சக்கர பிரேக் சேம்பரைப் பிரிப்பது. பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைக்கும் பெரிய ஸ்பிரிங் அதற்குள் அமுங்கிக் கிடக்கிறது. கிளாம்ப்பைக் கழற்றினால் குண்டு மாதிரி பாயும்.

அடுத்தது சூடு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்னால் போய் நின்று ரேடியேட்டரைப் பார்ப்பார்கள், பளிச்சென்று இருக்கும். ஆனால் ரேடியேட்டர் பின்பக்கம் இருக்கும் வண்டிகளில் ஃபேன் எஞ்சின் பக்கத்துக் காற்றை எடுத்துப் பின்னால் தள்ளுகிறது. அழுக்கு முதலில் படிவது உள்பக்கம், டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலரின் முகத்தில். எஞ்சினின் மூச்சுக்குழாய் கக்கும் ஆயில் ஆவியும், சக்கரம் கிளப்பும் தூசியும் சேர்ந்து அங்கே கம்பளம் போல ஒட்டிக்கிடக்கும். படுக்கைக்கு அடியில் இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளின் இடைவெளியில் வெளிச்சம் புகவில்லை என்றால் 215-க்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அலுமினியத்தை அரிக்காத டிகிரீசரை எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்பக்கத்திலிருந்து தெளித்து, ஊறவிட்டு, சாதாரணத் தோட்டக் குழாயால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். கீழே வடியும் தண்ணீர் தெளிவாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு மூச்சுக்குழாயின் முனையில் ஒரு ஹோஸைச் சேர்த்து ஃபேன் இழுக்காத இடத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் இதே வேலை.

கூலன்ட்டும் கேள்விக்குரியது. இந்த எஞ்சினில் சிலிண்டர் லைனர்களை (பிஸ்டன் ஓடும் உலோக உறைகளை) சுற்றி நேரடியாகக் கூலன்ட் ஓடுகிறது. எஞ்சின் அதிரும்போது லைனரின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழிகள் உருவாகி வெடித்து, ஊசி குத்தியது போல உலோகத்தைத் தின்னும். அதைத் தடுக்கத்தான் கூலன்ட்டில் எஸ்சிஏ (SCA) என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அதன் அளவு காலனுக்கு 1.2 யூனிட்டுக்கும் 3 யூனிட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். சோதிக்கும் காகிதப் பட்டை லாரி உதிரிபாகக் கடையில் கிடைக்கும். என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்றே தெரியாத நிலையில், மொத்தமும் வடித்துவிட்டு, கனரக டீசலுக்கான கூலன்ட்டாகப் புதிதாக ஊற்றுவது நல்லது. ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட் மூன்றையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும் விஷயம். டீசல் டேங்க் பெரும்பாலும் முன்னால், எஞ்சின் கடைசியில். அவ்வளவு நீளக் குழாயிலும் எண்ணெயைப் பம்ப் இழுத்துத்தான் எடுக்கிறது. பழைய ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, உள்ளே ஏர் வாங்கும். நின்ற நேரத்தில் டீசல் பின்வாங்கி டேங்க்குக்கே போய்விடும். எஞ்சின் பக்கத்து ஃபில்டருக்கு முன்னால் ஓரடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி ஓடினால் பழைய ஹோஸ்களை மாற்ற வேண்டியதுதான். இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றும்போது பழையதை வெட்டிப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று படிந்திருந்தால் டேங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது, அதற்கான மருந்து தனியாக ஊற்ற வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும்.

ஏர் ஃபில்டரை, அடைப்புக் காட்டும் மானி என்ன சொன்னாலும், மாற்றிவிடுங்கள். காகிதத்தை ஒட்டியிருக்கும் பசை காய்ந்து விரிந்தால் தூசி பக்கவாட்டில் புகும், மானியோ 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே வேண்டாம். ஆயில் மாற்றும்போது ஒரு சிறு குப்பி பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதில் சிலிக்கான் அதிகம் இருந்தால் எஞ்சினுக்குள் தூசி போயிருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் அதிகம் இருந்தால் கூலன்ட் கலக்கிறது.

அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது, உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். மாதம் ஒருமுறை முப்பது மைலாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், முடியாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாமல் விடுங்கள். ஓட்டும்போது, புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் போட்டுப் போட்டு எடுங்கள், சும்மா விட்டால் வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போகும் வழியில் வரக்கூடிய, நியூ மெக்ஸிகோ எல்லையிலுள்ள ராட்டன் கணவாய் 7,800 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டும். ஏறும்போது சூடு 205-ஐத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரை மேலும் அழுத்தாமல் ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சுற்று கூடினால் ஃபேனும் தண்ணீர்ப் பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.

டயர்களை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். ஏழு வருடத்தைத் தாண்டியிருந்தால், பூ தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், யெல்லோஸ்டோனுக்கு அதில் போகாதீர்கள்.

இஞ்செக்டருக்குத் திரும்ப வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் முடித்து, 500 மைல் ஓட்டிய பிறகும் சூடான எஞ்சினில் வெள்ளைப் புகை வந்தாலோ, ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் தட்டினாலோ, அப்போது அதைக் கழற்றச் சொல்லுங்கள்.