கவச வேடத்துக்கு எந்தப் பொருள் எடுப்பது, துண்டுகளை எப்படி இணைப்பது?

நகல் கவசம் என்றால் பார்க்க இரும்பு, போட்டுக்கொள்ள வெறும் உடை. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது ஈவிஏ ஃபோம்தான். லேசான செருப்புகளின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே பொருள். சூடான காற்று பட்டால் இளகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். மார்புக்கு 8 முதல் 10 மி.மீ., மேல் அலங்காரத்துக்கு 2 மி.மீ. போதும். 3டி அச்சில் நுணுக்கம் கிடைக்கும், ஆனால் தேய்த்து வழவழப்பாக்கவே நாட்கள் போய்விடும்.

பலர் சறுக்குவது இணைப்பில். கான்டாக்ட் பசையை இரண்டு விளிம்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே அழுத்த வேண்டும். அது பசையோடு பசை பிடிக்கும் வகை. (ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை தலைவலி தரும்.) சரி, எல்லாவற்றையும் ஒட்டிவிடலாமா? கையைத் தூக்கவே முடியாது. இறால் ஓட்டைப் பாருங்கள்: ஓடு கெட்டி, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதால் உடம்பு வளைகிறது. அதுபோல் தோள், இடுப்பு, முழங்காலில் எலாஸ்டிக், வெல்க்ரோ, பக்கிள்.

கனமாக இருந்தால்தான் நிஜம்போல் தெரியும் என்பது தவறான எண்ணம். இரும்புத் தோற்றத்தைத் தருவது கறுப்பு அடிப்பூச்சும், மேலே வெள்ளி நிறமும், இடுக்குகளில் பூசும் அழுக்கு நிறமும்தான்.