பிடித்தது நான், அடித்தது மச்சான்

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்றார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் ஊர் கனகராயன் ஆற்றோரம். இரவு பதினொரு மணிக்குப் பிறகு டிப்பர் வந்து மணல் ஏற்றுகிறது. கரை இடிந்து ஒரு மருதமரம் சாய்ந்துவிட்டது, கிணறுகளும் உவராகிக்கொண்டு வருகின்றன. பொலிஸுக்கு மூன்று தரம் சொன்னோம், ஒருவரும் வரவில்லை. போன மாதம் ஆறு பேர் சேர்ந்து மறித்தோம். சாரதி டிப்பரைப் பின்னுக்கு எடுத்தபோது என் தம்பி விழுந்து மயிரிழையில் தப்பினான். பிறகு சாரதியை இறக்கினோம். நான் பிடித்தேன், மச்சான் கோடாரிப் பிடியால் அடித்தான், கை முறிந்துவிட்டது. முன்கண்ணாடியையும் உடைத்தோம். இப்போது ஆறு பேரையும் தேடுகிறார்கள். நான் அடிக்கவே இல்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள், அதற்குப் பிறகு ஒரு டிப்பரும் வரவில்லை. ஊருக்காகச் செய்தது எப்படிக் குற்றமாகும்?"

தம்பி, நீங்கள் அனுப்பிய காணொளியை நான்கு தரம் பார்த்தேன். உங்கள் வழக்கு முழுவதும் அந்த மூன்று நிமிடச் சொச்சத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே முதல் வேலையாக அதை அழிக்காதீர்கள். முகநூலில் போடவும் வேண்டாம். சாட்சியத்தை இல்லாமல் செய்வது தனிக் குற்றம், அது போக உங்களைக் காப்பாற்றப்போகிற பகுதியும் அதற்குள்தான் கிடக்கிறது.

எது அந்தப் பகுதி? டிப்பர் பின்னுக்கு வருகிறது, உங்கள் தம்பி சறுக்கி விழுகிறான், சில்லு அவனுக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கிறது, நீங்கள் எல்லோரும் கத்துகிறீர்கள், யாரோ ஒருவர் ஜன்னலுக்குள்ளால் தடியை விட்டுச் சாரதியின் தோளில் போடுகிறார், டிப்பர் நிற்கிறது. அந்த அடிக்கு நான் எந்த நீதிமன்றத்திலும் கூச்சமில்லாமல் எழுந்து நிற்பேன். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுச் சட்டம், பழசுதான், ஆனால் அதன் 89ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது, தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது. 90ஆம் பிரிவின்படி உங்கள் உடலை மட்டுமில்லை, அடுத்தவரின் உடலையும் நீங்கள் காக்கலாம், களவு போகிற சொத்தையும் காக்கலாம், அது பிறத்தியாருடைய சொத்தாக இருந்தாலும். உயிர் போகும் அல்லது கடுங்காயம் வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி ஒருவர் தாக்கினால் 93ஆம் பிரிவு இன்னும் தூரம் போகிறது. அந்த நொடியில் சாரதி செத்திருந்தால்கூட அது கொலையாகாமல் போக இடமுண்டு. ஆக, வன்முறை எப்போதாவது சரியாகுமா என்று நீங்கள் கேட்டால், சட்டமே ஆம் என்றுதான் சொல்கிறது, அதுவும் 140 வருசத்துக்கு மேலாக.

ஆனால் அதே சட்டம் 95ஆம் பிரிவில் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறது. உடலுக்கு ஆபத்து என்ற பயம் இருக்கும்வரைதான் அந்த உரிமையும் இருக்கும்.

இப்போது காணொளியில் இரண்டு நிமிடம் பத்து வினாடிக்கு வாருங்கள். டிப்பரின் என்ஜின் நின்றுவிட்டது. உங்கள் தம்பி எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். சாரதி நிலத்தில் இருக்கிறார், அவிழ்ந்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கை உங்கள் பிடியில். "அண்ணை, நான் கூலிக்கு ஓடுறன்" என்கிறார். அதற்குப் பிறகுதான் கோடாரிப் பிடி வருகிறது. அந்த இடத்தில் யாருக்கு யாரால் ஆபத்து என்று நீதவான் கேட்பார். நான் என்ன பதில் சொல்ல?

எலும்பு முறிந்தால் 311ஆம் பிரிவில் அது கடுங்காயம். கோடாரிப் பிடி ஆபத்தான ஆயுதமா இல்லையா என்று நாங்கள் வாதாடலாம். இல்லை என்றால் 316, ஏழு வருசம் வரை. ஆம் என்றால் 317, பத்து வருசம் வரை.

"நான் அடிக்கவே இல்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். ஒரே எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் தானே செய்தது மாதிரிதான், அது 32ஆம் பிரிவு. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடிவிட்டால் 138ஆம் பிரிவின் சட்டவிரோதக் கூட்டம் என்ற பேச்சும் வரும், 146இன் கீழ் கூட்டத்தில் ஒருவன் செய்தது எல்லோர் தலையிலும் விழலாம். நீங்கள் ஆறு பேர். போதாக்குறைக்கு அந்தக் கையைப் பிடித்திருந்தவர் நீங்கள்.

பொலிஸ் வரவில்லையே என்ற கோபம் எனக்கும் விளங்குகிறது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது 92ஆம் பிரிவு, மூன்று தரம் சொல்லியும் வராத உதவி எப்படி உதவியாகும் என்று நானும் கேட்பேன். அதற்கு அந்த மூன்று முறைப்பாட்டின் இலக்கங்களும் வேண்டும். துண்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி முறைப்பாட்டு விபரத்தை எழுத்தில் கேட்கலாம். ஆனால் அந்த வாதம் நீங்கள் டிப்பரை மறித்ததற்குத்தான் உதவும். கண்ணுக்கு முன்னால் களவு நடந்தால் சாதாரண ஆள்கூட ஒருவரைப் பிடித்து, தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்கலாம் என்று 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இருக்கிறது. நீங்கள் பிடித்தீர்கள், சரி, பிடித்ததோடு நின்றிருந்தால் இன்றைக்கு முறைப்பாட்டுக்காரர் நீங்கள்.

நியாயம் எங்கள் பக்கம் இல்லையா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்க முடியாது. "வேறு வழி இருக்கவில்லை" என்று எத்தனை பேர், எத்தனை பக்கத்திலிருந்து, எதையெதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம், 2009க்கு முன்னும் பின்னும். சிலது உண்மைதான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, காரணத்தைக் கேட்டு முடிந்ததும் "எந்த நிமிடத்தில்?" என்று கேட்பேன். டிப்பரை மறித்து நின்றதில் நியாயம் இருந்தது, தோளில் விழுந்த அடியிலும் இருந்தது. கோடாரிப் பிடி விழுந்தபோது ஆறும் இல்லை, ஊரும் இல்லை, கோபம் மட்டும்தான் நின்றது. அந்த நேரம் டிப்பர் முதலாளி வீட்டில் படுத்திருந்திருப்பார். முறிந்தது கூலிக்காரனின் கை.

சரி, இனிச் செய்ய வேண்டியது. ஒளிந்து திரியாதீர்கள், அது பிணைக்குக் கெடுதி. ஒரு சட்டத்தரணியோடு ஆறு பேரும் நீதவான் நீதிமன்றத்தில் சரணடையுங்கள். பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னாலும், அந்த நம்பிக்கையில் வாயை விட வேண்டாம். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு 105ஆம் பிரிவின்படி உங்கள் மேல்தான், ஆகவே விழுந்த உங்கள் தம்பியை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கீறல் காயத்தைப் பதிவு செய்யுங்கள், ஆறினால் போய்விடும். மச்சானுக்கு என்னிடம் உள்ள ஒரே பிடி 326ஆம் பிரிவு, திடீரென வந்த கடுமையான ஆத்திரமூட்டலில் செய்த கடுங்காயம் என்பது. தண்டனை குறையும், குற்றம் போகாது. டிப்பர் நின்றதற்கும் அடி விழுந்ததற்கும் இடையில் எத்தனை வினாடி என்பதை வைத்துத்தான் அதை வாதாட முடியும்.

ஆற்றுக்குத் தனியாக ஒரு வழக்கு வேண்டும். அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். சாய்ந்த மரம், உவரான கிணறு எல்லாவற்றையும் படம் எடுத்து, கிராம சேவகரிடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். டிப்பர் பயந்து ஒதுங்கியிருக்கிற இந்தக் காலத்திலேயே அதைப் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. சாரதியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டாம். ஆறு பேரில் ஒருவர் கட்டிலடிக்குப் போய் நின்றால் அவர் அதை மிரட்டலாகத்தான் எடுப்பார், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்கும் சட்டமும் அப்படித்தான் எடுக்கும். வைத்தியச் செலவுக்கு ஏதாவது கொடுக்க விருப்பமென்றால் என்னிடம் சொல்லுங்கள், அவருடைய சட்டத்தரணி மூலம் பேசுவேன். அந்தப் பென்சில் வரியை மட்டும் மச்சானுக்கும் காட்டுங்கள்.