தள்ளுவண்டி வந்தால் பதறாதீர்கள்

சிட்னிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கூட வேலை செய்யும் ஹாங்காங்காரர் ஞாயிற்றுக்கிழமை தன் குடும்பத்தோடு யம் சா என்னும் சீனத் தேநீர்ச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, சாப்பிடும் குச்சியும் பிடிக்க வராது, ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போய்விட்டு வாருங்கள். வேலை முடிந்து பப்புக்குக் கூப்பிட இங்கே ஆள் நிறைய உண்டு. அப்பா, அம்மா, பாட்டியோடு உட்காரும் மேசைக்குக் கூப்பிடுவது வேறு விஷயம்.

யம் சா என்றால் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் தேநீர் குடிப்பது. கூட வரும் சின்னச் சின்னப் பலகாரங்களுக்குப் பெயர்தான் திம் சம். அதனால் உட்கார்ந்ததும் முதலில் என்ன தேநீர் என்றுதான் கேட்பார்கள். மல்லிகை வாசம் பிடிக்குமென்றால் அது. பெரியவர்கள் அநேகமாகக் கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும் போ லேய் கேட்பார்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்கு அதுதான் தோது. பால், சர்க்கரை கேட்டுவிடாதீர்கள். தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாகப் போடுவதும் வழக்கம்.

நான் முதன்முதலில் போனது சிட்னியின் சைனாடவுன் இருக்கும் ஹேமார்க்கெட்டில், டிக்சன் தெருப் பக்கம் மாடியில் இருந்த ஒரு பெரிய கூடத்துக்கு. நண்பரின் மாமாவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக் என்று தட்டினார். போதும் என்கிறாராக்கும் என்று பாதிக் கோப்பையில் நிறுத்திவிட்டேன். மறுபடி ஊற்றப் போனால் மறுபடி தட்டுகிறார். மேசையே சிரித்த பிறகுதான் நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. சியென்லுங் என்ற சீனப் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது தன் சேவகனுக்கே தேநீர் ஊற்றினாராம். அவன் எழுந்து விழுந்து கும்பிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று விரலை மடக்கிக் கும்பிட்டானாம். கதைதான், ஆனால் தட்டுவது நிஜம். மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டுக் கடைசியில் உங்களுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். குடுவை காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வந்து வெந்நீர் நிரப்புவார்கள்.

அப்புறம் தள்ளுவண்டி. மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்து மூடியைத் திறந்து திறந்து காட்டுவார். நான் மறுக்கக் கூச்சப்பட்டு முதல் வண்டியிலேயே ஆறு கூடை வாங்கிவிட்டேன். நல்லதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் மேசையில் இருக்கும் அட்டையில் முத்திரை விழும்; சிறியது, நடுத்தரம், பெரியது என்று தட்டின் விலைப்படி. சில இடங்களில் வண்டி கிடையாது, சீட்டில் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பன்றி விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். மேலே திறந்திருக்கும் கொழுக்கட்டை மாதிரியான சியூ மாய், இறைச்சி வைத்த பன்னான சார் சியூ பாவ், இரண்டிலும் பன்றி என்று அங்கே போகிற எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது மற்றவைதான். லோ பாக் கோ முள்ளங்கியும் அரிசிமாவும் கலந்து வேகவைத்துச் சுட்ட துண்டு. பார்த்தால் சைவம், உள்ளே சீன சாசேஜும் காய்ந்த இறாலும் இருக்கும். ஹா காவ், மோதகம் போல மடிப்பு வைத்து, கண்ணாடி மாதிரி மெல்லிய மேல்மாவுக்குள் இறால் தெரியும் அழகான பண்டம். அதிலும் பதத்துக்காகக் கொஞ்சம் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய முறை. மாம்பழப் புட்டிங்கில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். இதையெல்லாம் அங்கே போய் வண்டிக்கார அம்மாவிடம் விசாரிக்க நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமையே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். ருசிக்காகக் கொஞ்சம் சேர்த்திருந்தாலும் ஆகாதா, துண்டாக இருந்தால்தான் ஆகாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுச் சைவம் என்றால் 'ஜாய்' என்று ஒரு சொல் இருக்கிறது, பௌத்தச் சைவச் சாப்பாடு. பாட்டிக்குச் சட்டென்று புரியும்.

என் ஓட்டு இறால் வைத்த சியுங் ஃபன்னுக்கு. ஆவியில் வெந்த வழவழப்பான அரிசிமாவுச் சுருளைக் கண்ணெதிரே கத்தரிக்கோலால் நறுக்கி, இனிப்புச் சோயா ஊற்றித் தருவார்கள். குச்சியால் பிடித்தால் வழுக்கி ஓடும், அவர்களுக்கும்தான். முள்கரண்டி கேட்டால் கொடுப்பார்கள், வெட்கமே வேண்டாம். குச்சியைச் சோற்றில் மட்டும் நட்டு வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி வைப்பது போல இருக்கும். கோழிக்கால் வந்தால் ஒன்று எடுத்துப் பாருங்கள். பொரித்து, ஊறவைத்து, கறுப்பு பீன்ஸோடு வேகவைத்தது. மென்று துப்ப எலும்புதான் அதிகம், ஆனால் சாறு பிரமாதம். முடிவில் இஞ்சிப் பாகு ஊற்றிய தாவ் ஃபூ ஃபா, மெத்தென்ற சோயாப்பால் இனிப்பு.

ஞாயிறு என்றால் பதினொரு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். எண் சீட்டு வாங்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருங்கள்.

பில்லுக்கு அடிதடியே நடக்கும். கழிவறைக்குப் போவதாக எழுந்த மாமா அட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பணம் கட்டிவிட்டு வருவார். அங்கே பர்ஸை நீட்டி மல்லுக்கு நிற்காதீர்கள். போகும்போதே ஒரு பை ஆரஞ்சு வாங்கிப் போய்ப் பாட்டி கையில் கொடுங்கள். அடுத்த மாதம் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோசை ஊற்றிக் கொடுங்கள்.