காருக்குள் மழைத் தண்ணீர்: 'எலெக்ட்ரிக்கல் ஃபெயிலியர்' என்று எழுதிவிட்டால் கிளெய்ம் போச்சா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். நாங்கள் பள்ளத்தூர். பின்கட்டை ஒட்டிய இடத்தைத்தான் கார் ஷெட்டாக வைத்திருக்கிறோம், தெருவைவிடப் பள்ளம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஓட்டுத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து தேங்கி, விடிந்து பார்த்தால் காருக்குள் கால் வைக்கும் இடம் முழுக்கத் தண்ணீர். பதற்றத்தில் ஒரு தடவை ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மின்னி அணைந்துவிட்டது. அன்றைக்கே இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டோம், சர்வேயர் வந்தது ஒன்பது நாள் கழித்து. பி.சி.எம். (விளக்கு, கதவுப் பூட்டு மாதிரியானவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி), ஏர்பேக்கை இயக்கும் மாட்யூல், தரையில் ஓடும் வயரிங் எல்லாம் மாற்ற ரூ.1,60,000 ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். கம்பெனியோ கார்ப்பெட்டைக் கழுவிக் காயவைக்க ரூ.14,000 மட்டும் தருகிறோம், மாட்யூல் போனது எலெக்ட்ரிக்கல் ஃபெயிலியர், கனெக்டரில் பச்சை பூத்திருப்பது பழைய அரிப்பு, தெருவில் வெள்ளமும் வரவில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டது. கார் என் வீட்டுக்காரர் பெயரில், அவர் பினாங்கில் இருக்கிறார். வண்டிக்கு மூன்றேகால் வயது. என்ன செய்யலாம்?

பதில்: ஆச்சி, சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கழற்றிய மாட்யூல்களையும் வயரையும் பழைய இரும்போடு தள்ளிவிட வேண்டாம், பார்ட் நம்பர் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டருக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. இந்த மாதிரி கேஸில் சாட்சி மனுஷர் இல்லை, அந்தக் கறுப்புப் பெட்டிதான். அதோடு ஸ்கேன் ரிப்போர்ட், அதாவது எந்தெந்த மாட்யூல் பேசவில்லை, என்னென்ன கோளாறு எண் காட்டுகிறது என்ற பிரிண்ட், அதுவும் வேண்டும். தண்ணீர் நின்ற தடம் தெரிகிற மாதிரி அன்றைக்குப் போனில் எடுத்த படங்கள் இருந்தால் அந்தப் போனிலேயே விட்டுவையுங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தில் எடுத்த நாள், நேர விவரம் தங்காது. பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டி வந்தால் மூலப் படம் கையில் இருப்பது பெரிய சௌகரியம்.

இனி கம்பெனி சொன்ன காரணங்கள். மூன்றில் முதலாவதுதான் பார்க்கப் பயமாக இருக்கும், ஏனென்றால் பாலிசியில் நிஜமாகவே அப்படி ஒரு விலக்கு இருக்கிறது: தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன், இவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால் அது வண்டி தானாகக் கெட்டுப்போவதைச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு மாட்யூல் காரணமே இல்லாமல் செத்தால் அது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன். வெளியிலிருந்து வந்த தண்ணீரில் ஊறி ஷார்ட் ஆனால் நஷ்டத்துக்குக் காரணம் தண்ணீர், மின்சாரம் அந்தக் காரணம் போன வழி மட்டும்தான். நஷ்டத்தை உண்மையில் உண்டாக்கிய காரணம் எது என்று பார்ப்பதுதான் இன்சூரன்ஸ் சட்டத்தின் அடிப்படை. கார்ப்பெட் நனைந்ததற்குப் பணம் தருகிறேன் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது பாருங்கள், அதே தண்ணீர் அதே கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை மட்டும் தொடவில்லை என்று இனி எப்படிச் சொல்வார்கள்? ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூல் பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, தரைத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் அதற்குத் தப்ப வழியில்லை.

பச்சை பூத்த விஷயம். செம்பு கலந்த பின்னில் ஈரமும் பட்டு, பேட்டரி மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தால் பச்சை பிடிக்க வருஷக்கணக்கெல்லாம் வேண்டாம், சில நாளே போதும். கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள நுரைமெத்தை தண்ணீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும். சர்வேயர் எப்போது வந்தார்? ஒன்பதாம் நாள். கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாத மாஸ்டர் சர்க்குலரில் சொல்லியிருக்கிறது. அவர்கள் தாமதத்தில் பூத்த பச்சையை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். முந்தைய சர்வீஸ் பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள், எலெக்ட்ரிக்கல் கோளாறு எதுவும் அதில் இல்லை என்பதே நல்ல பதில். சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதுவே வேதவாக்கு என்று மிரள வேண்டாம், சர்வேயர் அறிக்கை இறுதியானதும் இல்லை, யாரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

தெருவில் வெள்ளம் இல்லை என்பது எனக்குச் சிரிப்பாக வருகிறது. நம் ஊர் வீடுகளை மேடை கட்டித்தான் எழுப்பினார்கள், தண்ணீர் ஊருணிக்கு ஓட வாட்டமும் வைத்தார்கள், அந்த வாட்டத்தில் பாதியை நாம்தான் அடைத்துவிட்டோம், அது வேறு கதை. பாலிசியில் வெள்ளம் மட்டும் இல்லை, புயல், சூறாவளி, நீரில் மூழ்குதல் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. அதெல்லாம் இல்லை என்றாலும் வெளிக்காரணத்தால் எதிர்பாராமல் நேர்ந்த சேதம் என்று ஒரு பொது இனமும் உண்டு. தண்ணீர் ஆற்றிலிருந்துதான் வர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. வார்த்தையில் சந்தேகம் வந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது நிலைத்த விதி. அன்றைய மழை அளவைத் தாலுகா அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஸ்டார்ட் பட்டன் விஷயத்தை மறைக்காதீர்கள். பழுதோடு வண்டியை ஓட்டி அதனால் கூடுதல் சேதம் வந்தால் அது வண்டிக்காரர் பாடு என்று ஒரு நிபந்தனை உண்டு, ஆனால் ஒரு தடவை பட்டனை அமுக்கியது ஓட்டியது ஆகாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைந்திருந்தால்தான் தலைவலி, அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டி வரும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இன்னொன்று, மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பட்டனைப் பற்றி அவர்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே.

சரி, எவ்வளவு கிடைக்கும்? முழு 1,60,000 எதிர்பார்க்காதீர்கள். உங்களிடம் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு, இல்லை என்று வைத்துக்கொண்டால், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள், மற்ற பாகங்களுக்கு வயதை வைத்து. மூன்று வயது தாண்டி நான்கு நிறையாத வண்டிக்கு அது 25 சதவீதம். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்: மாட்யூலின் கூடு பிளாஸ்டிக்தானே என்று 50 பிடிக்கப் பார்ப்பார்கள், பேரில் ஏர்பேக் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அது எலெக்ட்ரானிக் பாகம், காற்றுப் பை இல்லை, வயதுக் கணக்குதான் என்று எழுதிக் கொடுங்கள். பாகங்கள் 1,42,000, லேபர் 18,000 என்று வைத்தால் 25 சதவீதக் கழிவு 35,500. லேபரில் கழிவு கிடையாது. இன்ஜின் 1500 சி.சி.க்குள் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000 போக ரூ.1,23,500 வர வேண்டும். 50 பிடித்தால் 88,000தான் வரும்.

எங்கே போவது? முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில், அதை உங்கள் வீட்டுக்காரரே பினாங்கிலிருந்து அனுப்பட்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது, ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்கு நான் அதைத்தான் சொல்வேன், வக்கீலே இப்படிச் சொல்லலாமா என்று எங்கள் வக்கீல் சங்கத்தில் கேட்பார்கள், கேட்கட்டும். அங்கே சரிவரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷக் கெடு, செலுத்திய பிரீமியத்தை வைத்துத்தான் கட்டணம் என்பதால் உங்களுக்குக் கட்டணமே வராது. ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஒம்பட்ஸ்மேனிடம் போக முடியாது, அதனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஆணையத்தில் நீங்கள் நின்று நடத்த அவர் அதிகாரப் பத்திரம் தர வேண்டும், மலேசியாவில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்திவிடுங்கள்.

அந்த 14,000க்கு 'முழு மற்றும் இறுதித் தொகை' என்று வவுச்சர் நீட்டுவார்கள். வாங்கலாம், ஆனால் 'மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். வற்புறுத்தி வாங்கிய வவுச்சர் உரிமையைப் பறிக்காது என்று 1999-இல் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் வற்புறுத்தல் இருந்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும், அந்த வம்பு எதற்கு?

அப்புறம் ரிப்பேர். வழக்கு முடியும்வரை காரை அங்கேயே போட்டு வைக்காதீர்கள், பார்க்கிங் சார்ஜ் ஏறும், அதைக் கம்பெனி தலையில் கட்டுவதும் கஷ்டம். ஏழு நாளுக்குள் மறுபடி வந்து பார்ப்பதானால் பாருங்கள், இல்லாவிட்டால் வேலையைத் தொடங்குகிறோம் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுங்கள், பில்லும் பணம் கட்டிய ரசீதும் உங்கள் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். செலவைக் குறைக்கிறேன் என்று ஏர்பேக் மாட்யூலை வெளியே கொடுத்துக் காயவைத்து சால்டர் பண்ணிப் போடச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். அது கேஸுக்காகச் சொல்லவில்லை, அந்த வண்டியில் நீங்கள்தானே உட்காரப் போகிறீர்கள்.