'கணக்கு நமக்கு வராது' என்ற எண்ணத்தை எப்படி மாற்றுவது?

அரூரில் இருந்துகொண்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறீர்கள்; கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே 'நமக்கு வராது' என்று மனசு சொல்கிறது என்கிறீர்கள்.

முதலில், 'நான் கணக்கில் புலி' என்று தினமும் சொல்லிக்கொள்ளும் யோசனையை விடுங்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள் இப்படிச் சொன்னால் இன்னும் சோர்ந்துபோவதாக 2009-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. மனசு நம்பாததைத் திணித்தால் அது எதிர்த்துத்தான் பேசும்.

செய்து முடித்த வேலைதான் நம்பிக்கைக்குப் பெரிய ஊற்று. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இலேயே விளக்கியது இது. தேர்வின் 200 கேள்விகளில் திறனறிவு 25தான். அதிலும் தனிவட்டியை மட்டும் முதலில் எடுங்கள். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதம், 2 வருடம்: 5000 × 8 × 2 ÷ 100, வட்டி 800 ரூபாய். சரியாக வந்ததும் நோட்டில் தேதி போட்டு 'தனிவட்டி வருகிறது' என்று எழுதுங்கள். அப்புறம் கூட்டுவட்டி.

மறுபடி 'வராது' என்று தோன்றினால், 'எந்தக் கணக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள். 'வேலையும் நேரமும்' என்று பதில் வந்தால் நல்லது, இனி அந்த ஒரு பாடத்தைப் பார்த்தால் போதும். வீட்டில் யாராவது 'நம்ம குடும்பத்துக்கே கணக்கு ஏறாது' என்றால், தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.