நிலவியல் படித்தவர் அருங்காட்சியகக் கற்களையும் புதைபடிவங்களையும் பாதுகாக்கும் வேலைக்குப் போக என்ன பயிற்சி வேண்டும்? பட்டம் மட்டும் போதாதா?

பாதிக்குப் போதும். மீதிப் பாதிக்கு, அந்தப் பட்டம் கைக்குப் பழக்கிவிட்ட சிலவற்றை முதலில் மறக்க வேண்டும். களத்தில் கல்லை உடைத்து அதன் புதிய உட்பரப்பைப் பார்ப்போம், சுண்ணாம்புக்கல்லா என்று ஐயம் வந்தால் ஒரு சொட்டு அமிலம் விடுவோம், அழுக்கென்றால் கழுவுவோம். சேகரிப்பில் இருக்கும் மாதிரிக்கு இந்த மூன்றுமே சேதம்தான். ஒட்டியிருக்கும் மண்ணே அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதற்கு மிஞ்சிய ஒரே சான்றாக இருக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித் தருகிறேன். தூரிகையைக் கையில் எடுக்கும் அவசரம் நிலவியல் மாணவர்களுக்குத்தான் அதிகம்.

ஆனால் உங்கள் கனிமவியல் வீண் போகாது. மனோசிலையை வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் தூளாக உதிரும். சாதிலிங்கம் கறுக்கும். செவ்வந்திக்கல் நிறம் வெளுக்கும். கல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கசிந்து கரையத் தொடங்கும். வெங்காரமோ காற்று வறண்டால் தன் நீரை இழந்து வெள்ளையாகப் பொரிந்துவிடும். ஆக, எல்லாக் கனிமங்களுக்கும் பொதுவான ஒரே ஈரப்பதம் என்று எதுவும் இல்லை. வேதியியல் தெரிந்தவருக்கு இது உடனே விளங்கும்.

பயிற்சியில் அதிக நேரம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். புதைபடிவங்களுக்குள் நுண்துகளாக இருக்கும் பைரைட், காற்றின் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இது வேகம் பிடிக்கும். உருவாகும் உப்புக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் மாதிரி உள்ளிருந்தே பிளக்கும். இழுப்பறையைத் திறந்ததும் கந்தக நெடி, வெளிர்மஞ்சள் தூள், ஓரம் கருகிய பெட்டி. ஒரு காலத்தில் இதை பாக்டீரியாவின் வேலை என்று நினைத்துக் கிருமிநாசினி பூசினார்கள். உண்மையில் உலர்ந்த காற்றுதான் மருந்து. மோசமானவற்றின் அமிலத்தை அம்மோனியா ஆவியால் முறித்து, அப்புறம் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத உறையில் அடைப்பார்கள். எது உடனே கவனிக்க வேண்டியது, எது ஆறு மாதம் பொறுக்கும் என்று பிரிக்கத் தெரிவதுதான் இதில் உண்மையான திறமை.

அந்த அமிலம் முதலில் தின்பது பெரும்பாலும் காகிதச் சீட்டைத்தான். எங்கே, யார், எந்த அடுக்கில் எடுத்தது என்ற விவரம் போய்விட்டால், மிஞ்சுவது அழகான கல் மட்டும், ஆய்வுக்கு உதவாது. அதனால் சீட்டைப் படமெடுத்துப் பாலியெஸ்டர் உறையில் போடும் சலிப்பான வேலையையும் பயிற்சியாகவே எண்ணுங்கள்.

ஓக் மர அலமாரி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி, சிப்பி, சங்கு ஓடுகளின் மேல் வெள்ளை உப்பாகப் பூக்கும். பசை விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இதைப் பிரிக்க முடியுமா? அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பசை இவ்வளவு புழங்குவது அதனால்தான்.

உங்கள் உடம்பும் கணக்கில் வரும். யுரேனியக் கனிமங்கள் இருக்கும் அறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயு தேங்கும், காற்றோட்டம் கட்டாயம். கல்நார் மாதிரிகளைத் திறந்து பார்க்கவே கூடாது. இதைப் பற்றிப் பேசாத பயிற்சியை நான் நம்ப மாட்டேன்.

எங்கே கற்பது? கல்லுக்கென்றே தனிப் படிப்பு அரிது. பொதுவான பாதுகாப்பியல் படிப்போடு, ஏதாவது சேகரிப்பில் பயிற்சியாளராகச் சேர்வதுதான் வழக்கமான பாதை. பிரிட்டனில் 1974 முதல் இயங்கும் நிலவியல் காப்பாட்சியர் குழு (Geological Curators' Group) இதற்கென்றே இருப்பது. ரோமில் உள்ள, பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமின் (ICCROM) சேமிப்பறைச் சீரமைப்பு முறையும் கல்லுக்கு நன்றாகவே பொருந்தும். சேரும் முன் ஒன்று கேளுங்கள்: சேமிப்பறையில் ஓர் இழுப்பறையை முழுதாக உங்களிடம் விட்டு, ஒவ்வொரு மாதிரியின் நிலையையும் எழுத விடுவார்களா? காட்சிக்கூடத்தைச் சுற்றிக்காட்டிச் சான்றிதழ் தருவதோடு சரி என்றால் வேறு இடம் பாருங்கள்.